கத்தி பிடித்தவரும் கண் விழித்தவரும்

இன்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் பேப்பர் எழுதிய யாருக்கும் 'தெர்ப்ளிக்' என்ற வார்த்தை மறந்திருக்காது. வைவாவில் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் தவறாமல் கேட்கும் கேள்வி அது. ஒரு வேலையைச் செய்யும்போது கைகள் செய்யும் சின்னச் சின்ன அசைவுகள் ஒவ்வொன்றுக்கும் தெர்ப்ளிக் என்று பெயர். அந்த வார்த்தையின் ஆங்கில எழுத்துக்களைக் கடைசியிலிருந்து படித்தால், கிட்டத்தட்ட கில்பிரெத் என்று வரும். அதைக் கண்டுபிடித்த ஃபிராங்க் கில்பிரெத் தன் பெயரையே திருப்பிப் போட்டு வைத்துவிட்டார். குறும்புக்கார மனிதர்!

கொத்தனார் செங்கல் வைக்கும் வேலையை அவர் ஆராய்ந்த கதையும் நமக்குப் பாடத்தில் வந்தது. ஒரு கல்லுக்கு 18 அசைவுகள் இருந்ததை 5 ஆகக் குறைத்தார். மணிக்கு 120 கல் வைத்த கொத்தனார் 350 கல் வைத்தார். இதை எழுதினால் முழு மார்க். ஆனால் அதே கில்பிரெத் 1910-களில் சினிமா கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆபரேஷன் தியேட்டருக்குள் போனார் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. படிப்பு முடிந்து, தியேட்டர் சாதனங்களைப் பொருத்திப் பராமரிக்கும் வேலைக்கு வந்த பிறகுதான் நானே தெரிந்துகொண்டேன்.

மலர்க் குழு நண்பர்கள் "ஏதாவது டெக்னிக்கலா எழுதிக் கொடுப்பா" என்று கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்த விஷயம்தான். ஆனால் கில்பிரெத்தோடு நிறுத்திக்கொள்ள மனமில்லை. ஏனென்றால் அவர் தியேட்டருக்குள் பார்த்தது பாதிதான். சர்ஜரியின் சரித்திரத்தை நாம் எப்போதும் சர்ஜன்களின் சரித்திரமாகவே படிக்கிறோம். கத்தி, தையல், மயக்க மருந்து, எக்ஸ்ரே என்று கண்டுபிடிப்புகளின் வரிசையாகச் சொல்கிறோம். ஆபரேஷன் 'வெற்றிகரமாக' முடிந்த பின்னும் நோயாளி உயிரோடு இருப்பதற்கு, பக்கத்திலே நின்று எண்ணிக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருந்த ஒரு கூட்டம் தேவைப்பட்டது. அவர்கள் நர்சுகள். அவர்கள் கதையை ஓர் இன்ஜினியரின் பார்வையில் கொஞ்சம் சொல்லிப் பார்க்கிறேன். டாக்டர் நண்பர்கள் பொறுத்தருள்க!

1846 அக்டோபர் 16. அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவியை முகரச் செய்ய, ஜான் வாரன் என்ற சர்ஜன் கில்பர்ட் அபாட் என்ற இளைஞனின் கழுத்துக் கட்டியை அறுத்தார். பெரிய அளவில் உலகுக்குக் காட்டப்பட்ட முதல் ஈதர் ஆபரேஷன் இதுதான். அதற்கு முன்பெல்லாம் நாலு பேர் பிடித்துக்கொள்ள, அலற அலறத்தான் அறுப்பார்கள். சர்ஜனின் பெருமை அவருடைய வேகத்தில் இருந்தது.

மயக்கம் வந்ததும் சர்ஜனுக்கு நேரம் கிடைத்தது. கூடவே ஒரு புதுச் சிக்கலும் வந்தது. அலறுகிற நோயாளிக்கு மூச்சு இருக்கிறதா என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை! மயங்கிக் கிடப்பவர் அப்படியல்ல. நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கலாம். வாந்தி வந்து மூச்சுக் குழலுக்குள் போகலாம். கட்டுக்கு உள்ளேயே ரத்தம் கசியலாம். வலித்தால் சொல்லவும் அவரால் முடியாது. 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் நியூகாஸில் அருகே ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமிக்குக் கால் நகம் எடுக்க குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் அவள் இறந்துபோனாள். நகம் எடுக்கப் போய் உயிர் போச்சு. மயக்கத்தில் இருப்பவரை யாராவது ஒருவர் இமை கொட்டாமல் கவனிக்க வேண்டும் என்பதை உலகம் இப்படித்தான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தது.

ஆபரேஷன் முடிந்தவர்களுக்குத் தனி இடம் வேண்டும் என்ற எண்ணம் அதற்கும் பழையது. அதே நியூகாஸில் நகர ஆஸ்பத்திரியில் 1801-லேயே பெரிய ஆபரேஷன் ஆனவர்களுக்கும் ஆபத்தான நிலையில் இருப்பவர்களுக்கும் என்று அறைகள் ஒதுக்கியிருந்தார்கள். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1863-ல் ஆஸ்பத்திரிகளைப் பற்றி எழுதியபோது, சிறிய ஊர் ஆஸ்பத்திரிகளில் தியேட்டரை ஒட்டி ஒரு சிற்றறை இருப்பதையும், ஆபரேஷனின் உடனடி பாதிப்பு தெளியும்வரை நோயாளிகள் அதில் தங்குவதையும் குறிப்பிட்டிருக்கிறார். இவ்வளவு எளிய ஏற்பாடு உலகமெங்கும் பரவ இன்னும் 80 வருஷம் பிடித்தது. ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இப்போது பால்டிமோர் நகருக்குப் போக வேண்டும். 1889-ல் அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. சர்ஜன் வில்லியம் ஹால்ஸ்டெட். அவருடைய தியேட்டருக்குத் தலைமை நர்ஸ் கரோலின் ஹாம்ப்டன். ஜோசப் லிஸ்டர் 1867-ல் கிருமிநாசினி முறையை வெளியிட்ட பிறகு, கைகளையும் கருவிகளையும் காரமான ரசாயனங்களில் முக்குவது வழக்கமாகியிருந்தது. ஹாப்கின்ஸில் மெர்குரிக் குளோரைடு கரைசல். தினமும் அதில் கை வைத்து வைத்து அந்த நர்சின் கைகள் வெந்து புண்ணாகிவிட்டன. அவர் வேலையை விட்டுவிடும் நிலை வந்தது. ஹால்ஸ்டெட் கைகளின் அச்சை எடுத்து, குட்இயர் ரப்பர் கம்பெனிக்கு அனுப்பி, மெல்லிய ரப்பர் கையுறை செய்துதரச் சொன்னார். கையுறை வந்தது. 1890 ஜூனில் இருவருக்கும் கல்யாணமே நடந்துவிட்டது!

இந்தக் காதல் கதையை எல்லாரும் ரசித்துச் சொல்வார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. இன்று நோயாளியைக் காப்பாற்றும் சாதனம் என்று நாம் நினைக்கும் கையுறை, ஆரம்பத்தில் ஒரு நர்சின் தோலைக் காப்பாற்ற வந்தது. நோயாளிக்கு அதனால் லாபம் உண்டு என்று முதலில் யாருக்கும் தோன்றவே இல்லை. கருவி எடுத்துக் கொடுப்பவர்கள் மட்டும் போட்டுக்கொண்டார்கள். சர்ஜன்கள் வெறுங்கையோடுதான் அறுத்தார்கள். ஹால்ஸ்டெட்டின் உதவியாளர் ஜோசப் பிளட்குட் சர்ஜன்களும் கையுறை போட்டுச் செய்த ஹெர்னியா ஆபரேஷன்களின் கணக்கை 1899-ல் வெளியிட்டார். புண் சீழ் பிடிப்பது பெருமளவு குறைந்திருந்தது. ஆக, நர்சுக்குக் கையுறை வந்து சுமார் 10 வருஷம் கழித்துத்தான் அது நோயாளிக்கும் நல்லது என்று கணக்குக் காட்டியது.

இதே காலத்தில் மினசோட்டா மாநிலத்தில் ராச்சஸ்டர் என்ற சிற்றூரில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1889-ல் பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரீகள் அங்கே செயின்ட் மேரிஸ் ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். வில்லியம் மேயோ, சார்லஸ் மேயோ சகோதரர்கள் அங்கே சர்ஜன்கள். இன்றும் எந்த ஊர் தியேட்டருக்குப் போனாலும் நோயாளியின் மேல் நீட்டி நிற்கும் ஒற்றைக் கால் கருவித் தட்டுக்கு மேயோ ஸ்டாண்ட் என்றுதான் பெயர். நான் எண்ணற்ற மேயோ ஸ்டாண்டுகளுக்குச் சக்கரம் மாற்றியிருக்கிறேன்.

மேயோ சகோதரர்கள் மயக்க மருந்து கொடுக்கும் வேலையை நர்சுகளிடம் ஒப்படைத்தார்கள். முதலில் எடித் கிரஹாம்; அவர் 1893-ல் சார்லஸ் மேயோவை மணந்துகொண்டார். (அந்தக் காலத் தியேட்டர்களில் கல்யாணத் தரகர் வேலையும் நடந்திருக்கும்போல!) அடுத்து வந்தவர் ஆலிஸ் மகாவ். இவர் செய்தது பெரிய தந்திரம் எதுவுமில்லை. முகத்தில் வைத்த துணி முகமூடியின் மேல் ஈதரைச் சொட்டுச் சொட்டாக விடுவார். விட்டுக்கொண்டே நோயாளியிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார். மூச்சையும் முக நிறத்தையும் நாடியையும் பார்த்துக்கொண்டே சொட்டைக் கூட்டுவார், குறைப்பார். நம் பாஷையில் சொன்னால் இதுதான் குளோஸ்ட் லூப் கன்ட்ரோல். சென்சாரும் அவரே, கன்ட்ரோலரும் அவரே. 1906-ல் 14,000-க்கும் மேற்பட்ட மயக்கங்களின் கணக்கை அவர் வெளியிட்டார். மயக்க மருந்தால் நேர்ந்த சாவு என்று சொல்லும்படி ஒன்றுகூட அதில் இல்லை. அந்தக் காலத்துச் சூழ்நிலையில் இது நம்ப முடியாத எண்! 'நர்ஸ் மயக்க மருந்து கொடுக்கலாமா, அது டாக்டர் தொழில் அல்லவா?' என்று அமெரிக்காவில் வழக்குகூடப் போட்டார்கள். 1936-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் நர்சுகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் அது டாக்டர்களின் வேலையாகவே அமைந்துவிட்டது. அது வேறு கதை.

அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு மிகவும் பிடித்தவர் சிஸ்டர் மேரி ஜோசப் டெம்ப்சி. 1890 முதல் 1915 வரை வில்லியம் மேயோவின் முதல் உதவியாளராக மேஜைக்கு எதிர்ப்புறம் நின்றவர். 1892 முதல் ஆஸ்பத்திரியின் நிர்வாகியும் அவரே. காலையில் தியேட்டர், மற்ற நேரம் நிர்வாகம். ஆபரேஷனுக்கு முன் வயிற்றுத் தோலைச் சுத்தம் செய்யும்போது அவர் ஒன்றைக் கவனித்தார். சிலருக்குத் தொப்புளில் ஒரு கெட்டியான முடிச்சு கைக்குத் தட்டுப்பட்டது. அப்படிப்பட்டவர்களின் வயிற்றைத் திறந்தால் உள்ளே புற்றுநோய் முற்றிப் பரவியிருந்தது. ஒருவருக்கு இருவருக்கு அல்ல, திரும்பத் திரும்ப! ஸ்கேன் இல்லாத காலம். சுத்தம் செய்யும் கை கண்டுபிடித்த அடையாளம் இது. வில்லியம் மேயோ 1928-ல் இதைப் பற்றி எழுதினார். 1949-ல் ஆங்கில சர்ஜன் ஹாமில்டன் பெய்லி தன் பாடப்புத்தகத்தில் 'சிஸ்டர் ஜோசப் முடிச்சு' என்று பெயர் சூட்டினார். இன்றும் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் அந்தப் பெயரைப் படிக்கிறார்கள். சிஸ்டர் 1939-ல் காலமானார். அதே வருஷம் மேயோ சகோதரர்கள் இருவரும் மறைந்தார்கள்.

இப்போது கில்பிரெத்தைக் கூப்பிடலாம். நுட்பமான கைவேலைக்காரர்களான சர்ஜன்களிடமிருந்து தொழிற்சாலைகள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும் என்று நினைத்துத்தான் அவர் தியேட்டருக்குள் போனார். படம் பிடித்துப் பார்த்தால் சர்ஜன் பல நேரம் அறுக்கவே இல்லை. தலையைத் திருப்பி, கருவி எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். நாம் ஒர்க்ஷாப்பில் ஸ்பேனர் தேடுவதைப் போலத்தான்! அங்கே வயிறு திறந்து கிடக்கிறது. கில்பிரெத் சொன்ன தீர்வு எளிமையானது. சர்ஜனின் கண் காயத்தை விட்டு அகலக் கூடாது. அவர் கருவியின் பெயரைச் சொல்லிக் கையை நீட்ட வேண்டும். நர்ஸ் அதைச் சரியான பக்கமாக, பிடித்த உடனே பயன்படுத்தும்படி, உள்ளங்கையில் வைக்க வேண்டும். தட்டில் கருவிகள் எப்போதும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். கொத்தனாருக்குக் கல்லைக் கை எட்டும் உயரத்தில் அடுக்கித் தந்த அதே யோசனை.

(கில்பிரெத் வீட்டிலேயே ஒரு அறையைத் தியேட்டராக்கி, தன் பிள்ளைகளுக்கு டான்சில் ஆபரேஷன் செய்யவைத்துப் படம் பிடித்த கதையை அவருடைய மக்கள் 1948-ல் எழுதிய புத்தகத்தில் சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் கேமராக்காரர் லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை என்று தெரிந்ததாம்! டைம் ஸ்டடி நிபுணர் வீட்டிலேயே இந்த லட்சணம்.)

மேனேஜ்மென்ட் புத்தகங்கள் இந்த முறைக்கான பெருமை முழுவதையும் கில்பிரெத்துக்கே தருகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் கேமராவோடு வருவதற்கு 20 வருஷம் முன்பே சிஸ்டர் மேரி ஜோசப் அந்த மேஜைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். கில்பிரெத் செய்தது அளந்து காட்டியது. அது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அசைவைத்தான் அவர் அளந்தார். கருவி போன வேகத்தைப் பார்த்தார். போன கருவி திரும்பி வந்ததா என்று யார் பார்க்கிறார்கள் என்பது அவருடைய ஃபிலிமில் விழவில்லை.

தியேட்டருக்குள் போகாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். ஒரு ஆபரேஷனில் குறைந்தது இரண்டு நர்சுகள் இருப்பார்கள். ஸ்க்ரப் நர்ஸ் கை கழுவி, கவுனும் கையுறையும் போட்டு, கிருமி நீக்கிய எல்லைக்குள் நிற்பவர். சர்க்குலேட்டிங் நர்ஸ் அந்த எல்லைக்கு வெளியே நடமாடுபவர். வெளியே இருப்பவர் எல்லைக்குள்ளே கை வைக்கக் கூடாது. உள்ளே இருப்பவர் வெளியே உள்ள எதையும் தொடக் கூடாது. இரண்டு பேரும் சேர்ந்து வாய்விட்டு எண்ணுவார்கள். ரத்தம் ஒற்றும் துணிகள் (தியேட்டரில் 'மாப்' என்பார்கள்), ஊசிகள், கருவிகள் எல்லாம் கணக்கு. கத்தி வைக்கும் முன் ஒரு தடவை, உள் அறையை மூடும் முன் ஒரு தடவை, தோலைத் தைக்கும் முன் ஒரு தடவை. எண்ணிக்கை சுவரில் உள்ள பலகையில் ஏறும். நடுவில் புதிதாக மாப் பிரித்தால் அதுவும் ஏறும். ரத்தத்தில் நனைந்த மாப் சதையோடு சதையாகத் தெரியும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால்தான் மாப்புக்குள்ளே எக்ஸ்ரேயில் தெரியும் இழை ஒன்றை வைத்து நெய்கிறார்கள்.

ஒரு ஆஸ்பத்திரியில் லைட் ரிப்பேருக்காகப் போனவன், பக்கத்துத் தியேட்டர் வாசலில் நின்று இதைக் காதால் கேட்டிருக்கிறேன். சர்ஜன் தையல் கேட்டார். உள்ளேயிருந்து சிஸ்டர் குரல்: "சார், ஒரு மாப் குறையுது." "நல்லாப் பாருங்க சிஸ்டர், நான் எல்லாம் எடுத்துட்டேன்." "பார்த்துட்டேன் சார். கவுண்ட் வரலை." அவ்வளவுதான். குரலில் மரியாதை குறையவில்லை; ஆனால் தையல் ஊசியும் போகவில்லை. ஐந்தாறு நிமிஷம் தேடினார்கள். கீழே இருந்த வாளிக்கு அடியில் ஒட்டிக்கிடந்தது. சர்ஜன் "தேங்க்ஸ் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுத் தைக்க ஆரம்பித்தார். ஃபாக்டரியில் ஒரு ஆபரேட்டர் லைனை நிறுத்துவதற்கு என்ன தைரியம் வேண்டும் என்பது நமக்குத் தெரியும். இங்கே நிறுத்தப்படுவது சர்ஜன்.

எண்ணினால் போதுமா? போதாது. 2003-ல் அமெரிக்காவில் அதுல் கவாண்டேயும் அவருடைய சகாக்களும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 54 நோயாளிகள் உடலுக்குள் மறந்துவிடப்பட்ட 61 பொருள்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மாப் வகைதான். எமர்ஜென்சி ஆபரேஷனில் இந்த ஆபத்து சுமார் 9 மடங்கு. நடுவில் ஆபரேஷன் திட்டம் மாறினால் 4 மடங்கு. இன்னொன்றுதான் தூக்கிவாரிப்போட்டது. எண்ணிக்கை எடுக்கப்பட்ட கேஸ்களில் பெரும்பாலானவற்றில் கணக்கு 'சரி' என்றே எழுதப்பட்டிருந்தது! அவசரத்தில், ஆள் மாறும்போது, களைப்பில், எண்ணுகிற மூளையும் தவறும். நர்சுகளைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ராத்திரி 2 மணிக்கு வரும் எமர்ஜென்சிக்கு எத்தனை பேரை டூட்டியில் போடுகிறோம் என்று நிர்வாகத்தைக் கேட்க வேண்டிய கேள்வி இது.

சரி, தைத்தாகிவிட்டது. டிராலியில் ஏற்றியாகிவிட்டது. முன்காலத்தில் அங்கிருந்து நேரே நீண்ட வராந்தா வழியாக வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். வார்டில் ஒரு நர்சுக்கு எத்தனையோ கட்டில்கள். வசதி உள்ளவர்கள் காசு கொடுத்துத் தனி நர்ஸ் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குக் கடவுள்தான் துணை. ஈதர் தெளியும் அந்த ஒன்றிரண்டு மணி நேரம்தான் மிக ஆபத்தானது. நாக்கு சரிந்து அடைத்தால் செய்ய வேண்டிய சிகிச்சை என்ன தெரியுமா? தாடையைப் பிடித்து முன்னுக்குத் தூக்குவது. இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்கவைப்பது. மருந்து இல்லை, மெஷின் இல்லை, ஒரு கை போதும். ஆனால் அந்தக் கை அந்த நிமிஷத்தில் அங்கே இருக்க வேண்டும்.

1923-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வால்டர் டேன்டி என்ற மூளை சர்ஜன் தன் நோயாளிகளுக்காக 3 கட்டில்களோடு ஒரு தனி அறை வைத்தார். அங்கொன்று இங்கொன்றாக வேறு சிலரும் முயன்றிருக்கலாம். ஆனால் பொதுவாக எல்லா ஆஸ்பத்திரிகளும் ரெக்கவரி அறைக்கு வந்தது நல்லெண்ணத்தால் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். வந்தது ஆள் பற்றாக்குறையால்! இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க நர்சுகள் பெருமளவில் ராணுவத்துக்குப் போய்விட்டார்கள். வார்டு வார்டாகப் பிரிந்து கிடக்கும் நோயாளிகளைப் பார்க்க ஆளில்லை. அதனால் ஆபரேஷன் ஆனவர்களை எல்லாம் தியேட்டருக்குப் பக்கத்திலேயே ஒரே ஹாலில் சேர்த்துப் போட்டார்கள். இருக்கிற சில நர்சுகளே எல்லோரையும் கண் பார்வையில் வைத்துக்கொள்ளலாம். ஆக்சிஜனும் உறிஞ்சும் கருவியும் ஒரே இடத்தில் இருக்கும். கூப்பிட்டால் டாக்டர் பக்கத்திலேயே இருப்பார். ராச்சஸ்டரில் மேயோ கிளினிக் 1942-ல் இப்படி அறை தொடங்கியது. சிக்கனத்துக்காகச் செய்த லே-அவுட் மாற்றம் உயிரைக் காப்பாற்றியது. நைட்டிங்கேல் கண்ட சிற்றறைக்கு 80 வருஷம் கழித்து உயிர் வந்தது இப்படித்தான்.

1947-ல் ஒரு அறிக்கை வந்தது. ஃபிலடெல்ஃபியா நகரின் மயக்க மருந்து ஆய்வுக் குழு 11 வருஷச் சாவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து வெளியிட்டது. ஆபரேஷன் முடிந்த முதல் 24 மணி நேரத்தில் இறந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேரைக் காப்பாற்றியிருக்கலாம் என்பது அதிலிருந்து தெரிந்தது. பாதிப் பேர்! அதற்கான வழிகளில் ஒன்று, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் நல்ல நர்சிங் கவனிப்பு. அந்த எண்களுக்குப் பின்னால் எத்தனை வீடுகள் என்று நினைத்துப் பார்த்தால் மனசு கனக்கிறது. கத்தி செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருந்தது. பார்க்க ஆளில்லாமல் போனதுதான் குறை. அதற்குப் பிறகு ரெக்கவரி அறை இல்லாத பெரிய ஆஸ்பத்திரி என்பது அங்கே அபூர்வமாகிவிட்டது. 1953-ல் கோபன்ஹேகனில் தொடங்கிய ஐ.சி.யூ.வுக்கும் இந்த அறை ஒரு வகையில் அக்காதான். தியேட்டர் நர்சுகள் தங்களுக்கென்று சங்கம் தொடங்கியதும் 1949-ல், அமெரிக்காவில்.

அறை வந்தாயிற்று, எப்போது வெளியே அனுப்புவது? 'பார்த்தால் நல்லாத்தான் இருக்கார்' என்பது அளவாகாது. 1970-ல் அல்ட்ரேட்டே என்ற மயக்க மருந்து மருத்துவரும் டயன் குரோலிக் என்பவரும் ஒரு மதிப்பெண் முறை கொடுத்தார்கள். கை கால் அசைவு, மூச்சு, ரத்த அழுத்தம், நினைவு, தோல் நிறம் ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 2 மார்க். மொத்தம் 10. ஒன்பது வந்தால் வார்டுக்குப் போகலாம். பிறந்த குழந்தைக்கு வர்ஜீனியா அப்கார் 1953-ல் வெளியிட்ட மதிப்பெண்தான் இதற்கு முன்மாதிரி. சட்டைப் பையில் எழுதி வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சின்ன விஷயம், ஆனால் ராத்திரி டூட்டி சிஸ்டருக்கு இது பெரிய பலம். "மார்க் ஏழுதான் சார் இருக்கு, அனுப்ப முடியாது" என்று சொல்லலாம் அல்லவா!

தோல் நிறம் என்றேனே, அதில் ஒரு சிக்கல் உண்டு. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் உதடு நீலம் பாரிக்கும் என்பார்கள். கறுத்த தோலில், மங்கிய விளக்கில், அது தெரிவதற்குள் காலம் கடந்துவிடும். இதற்கு வழி கண்டவர் நம்மைப் போல ஒரு இன்ஜினியர். ஜப்பானில் நிஹோன் கோடன் கம்பெனியில் வேலை பார்த்த தக்குவோ அவோயாகி. காதில் ஒளியைச் செலுத்தி இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவைக் காணும் வேலையில் அவர் இருந்தார். நாடித் துடிப்பு சிக்னலில் அலையலையாக வந்து தொந்தரவு கொடுத்தது. அந்த இரைச்சலை நீக்க முயன்றவருக்கு ஒன்று உறைத்தது. துடிப்பது தமனி ரத்தம் மட்டும்தான். அப்படியானால் இந்த இரைச்சலில்தானே தமனி ஆக்சிஜன் அளவு ஒளிந்திருக்கிறது! சிவப்பு ஒளி ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஒன்று. இரண்டிலும் துடிக்கும் பகுதியை மட்டும் பிரித்து ஒப்பிட்டால் கணக்கு வந்துவிடும். 1974-ல் வெளிவந்த இந்தத் தத்துவம்தான் பல்ஸ் ஆக்ஸிமீட்டர். கொரோனா வந்தபோது வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிக்கொண்டோமே, அதே கிளிப். அவர் 2020 ஏப்ரலில், அந்தக் கொள்ளைநோயின் நடுவிலேயே காலமானார். அல்ட்ரேட்டே 1995-ல் தன் முறையைத் திருத்தியபோது, தோல் நிறத்தை எடுத்துவிட்டு ஆக்ஸிமீட்டர் அளவைச் சேர்த்துக்கொண்டார்.

மானிட்டர் வந்துவிட்டதால் நர்ஸ் ஓய்வு எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். புது மானிட்டர் பொருத்தி, அதன் மகிமைகளை எல்லாம் அடுக்கியபோது ஒரு ரெக்கவரி அறை ஹெட் சிஸ்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க. "தம்பி, அந்த ஆள் கையை ஆட்டினாலும் இது கத்தும். மூச்சு நின்னாலும் இது கத்தும். எது எதுன்னு யாரு சொல்றது?" பதில் எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். நான் அலாரம் லிமிட்டை எப்படி மாற்றுவது என்று காட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கடைசியாக ஒரு தாளைப் பற்றி. 1935-ல் போயிங் கம்பெனியின் புது விமானம் ஒன்று சோதனைப் பறப்பில் விழுந்து நொறுங்கியது. விமானத்தில் கோளாறு இல்லை. கிளம்பும் முன் ஒரு பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். விமானிகளுக்குச் செக்லிஸ்ட் வழக்கமானது அதற்குப் பிறகுதான். அதே யோசனையை உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுவந்தது. ஒரே தாள், 19 விஷயங்கள், மூன்று கட்டம். சியாட்டில், டொரான்டோ, லண்டன், ஆக்லாந்து, அம்மான், மணிலா, தான்சானியாவின் இஃபாகரா, நம் புது டெல்லி ஆகிய எட்டு ஊர்களில் சோதித்தார்கள். தாளுக்கு முன் 3,733 நோயாளிகள், தாளுக்குப் பின் 3,955 நோயாளிகள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. சிக்கல்கள் 11-லிருந்து 7 சதவீதமாகக் குறைந்தன. தாளை அச்சடித்து ஒட்டினால் மட்டும் இது நடக்காது. ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கையை நிறுத்திக் கேட்க வேண்டும்.

மூன்றாவது கட்டம், நோயாளி தியேட்டரை விட்டு வெளியேறும் முன். இங்கே பேசத் தொடங்குபவர் சர்ஜன் அல்ல. நர்ஸ் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று தாளிலேயே அச்சாகியிருக்கிறது. செய்த ஆபரேஷன் என்ன, மாப், ஊசி, கருவி எண்ணிக்கை சரியா, எடுத்த சதைத் துண்டின் சீட்டில் நோயாளி பெயர் இருக்கிறதா, சாதனம் எதிலாவது கோளாறு உண்டா என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு, ரெக்கவரியில் எதைக் கவனிக்க வேண்டும் என்று மூவரும் பேசிக்கொள்வார்கள். அந்த நாலாவது வரி இருக்கிறதே, சாதனக் கோளாறு, அதில் சிஸ்டர் பேனாவால் ஒரு டிக் போட்டால் சாயங்காலத்துக்குள் எனக்கு ஃபோன் வந்துவிடும்.